பெலிவிர்க் கோட்டையின் மணியோசை

மாலைக் கதிரவன் ரொதோப்பி மலைத்தொடரின் சிகரங்களில் செம்பொன்னை உருக்கி ஊற்றிவிட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தான். பைன் மரக் காடுகள் கருநீலப் பட்டைப் போர்த்துக்கொண்டன. பாதாளம் போன்ற பள்ளத்தாக்கில், பனி உருகிப் பிறந்த ஆறு, நாளெல்லாம் பாறை உடைத்தும் கூலி கேட்கத் தெரியாதவனைப் போல முட்டிமோதி ஓடிக்கொண்டேயிருந்தது. அதற்கு மேலே கழுகுக் கூடுபோல் தொங்கி நின்றது பெலிவிர் என்னும் பல்கேரிய மலைநகரம்.

அன்பு வாசகர்களே, இன்று அவ்வூருக்குப் போனால் பேருந்து வளைந்து வளைந்து ஏறி உங்களைக் கோட்டை வாசலில் இறக்கிவிடும். வழிகாட்டி கதவைக் காட்டுவான். கடைக்காரி ரோஜாத் தைலமும் வெண்கல மணியும் விற்பாள். நீங்களும் மதில்மேல் நின்று படம் எடுத்துக்கொள்வீர்கள். எடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த மதிலின் ஒவ்வொரு கல்லும் மனித முதுகில் ஏறித்தான் மேலே வந்தது என்பதையும், அந்தக் கதவு பகைவனுக்கு ஒருநாளும் திறந்ததில்லை என்பதையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த மாலையில், அதே மதில்மேல் நெதெல்யா நின்றிருந்தாள். கோட்டைத் தலைவனான தந்தை போரில் மாண்டபின், சாவிக்கொத்து அவள் இடையில்தான் தொங்கியது. சமவெளியில் கிரேக்கப் படை பாசறை அடித்திருந்தது; களஞ்சியமோ காலி. குளிர்காலத்துக்குத் தென்கடலோரப் புல்வெளிக்கு மந்தையை ஓட்டிப்போன திராகோமிர், அவளுக்கு மணம் பேசப்பட்ட வீரன், திரும்பினால்தான் ஊருக்கு உணவு.

செங்குத்துப் பாதையில் ஆட்டுமணிகள் ஒலித்தன.

"வந்துவிட்டார்கள் தேவி. என் குடலுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. கதவைத் திறக்கட்டுமா?" என்றான் வாயிற்காவலன் பெத்கோ.

"பொறும்."

ஆடுகளுக்கு நடுவே, முக்காடிட்ட கம்பளிப் போர்வைகளுடன் மேய்ப்பர் சிலர் வந்தனர். முன்னே வந்தவன் குரல் கொடுத்தான்: "திராகோமிர் பிரபுவின் மந்தை இது, தேவி. பிரபு காய்ச்சலால் பின்தங்கிவிட்டார். அடையாளமாகத் தம் மோதிரத்தைத் தந்திருக்கிறார்."

"மோதிரமே வந்துவிட்டது. இன்னும் என்ன யோசனை?" என்று முணுமுணுத்தான் பெத்கோ.

"மணியைக் கேளும்."

அந்த மலைநாட்டு மேய்ப்பன் மணிகளைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துத்தான் ஆட்டின் கழுத்தில் கட்டுவான். முன்கிடாய்க்குக் கனத்த மணி, குட்டிக்குச் சின்னது. மந்தை நடந்தால் மலையே பாடும். இன்றோ தகரத்தைத் தெருவில் உருட்டினாற்போலிருந்தது. கிடாயின் பெருமணி ஒரு குட்டியின் முழங்காலில் இடித்துக்கொண்டு வந்தது.

"திருட்டு மந்தையோ?"

"ஆடும் அவருடையது, மணியும் அவருடையது. ஒன்றோடொன்று சேராதபடி இவ்வளவு சுத்தமாகக் கலைக்கச் சுருதி தெரிந்தவனால்தான் முடியும். அந்நியனுக்கு மணி என்றால் வெறும் மணிதான். 'திறக்காதே' என்கிறார், பெத்கோ. அவர் இல்லாமல் இந்தக் கிரேக்கர்களால் மந்தையை இங்கே ஓட்டிவர முடியாது; அந்தப் போர்வைகளில் ஒன்றுக்குள் அவர் இருக்கிறார்."

பெத்கோவின் முகம் வெளுத்தது. "அப்படியானால் வில்லாளிகள்..."

"நாண் ஏற்றட்டும்." அவள் சாவிக்கொத்தை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். "ஆனால் எய்வதற்கு முன் உப்பு மூட்டையைக் கொண்டுவாரும்."

மதிலடியில் தட்டைப் பாறைகள் கிடந்தன. மலையேறி வரும் மந்தைக்கு அங்கேதான் உப்பு வைப்பார்கள். மூட்டையைக் கவிழ்த்து, மேய்ப்பர் கூவும் உப்புக்கூவலை நெதெல்யா நீட்டி முழக்கினாள். வழியெல்லாம் உப்புக்கு ஏங்கிய மந்தை காட்டாறாய்ப் பாய்ந்தது. ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய பாதை அது. போலி மேய்ப்பர்கள் கால் இடறிப் பள்ளத்தில் உருண்டார்கள். மிஞ்சியவர்கள் வாளையும் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் மட்டும் கிடாயின் கொம்பைப் பிடித்துக்கொண்டு மதிலடிவரை இழுபட்டு வந்தான். முக்காடு சரிந்தது.

திராகோமிர்.

"உப்புக்கு ஆடுகள் மயங்காவிட்டால் என்ன செய்திருப்பாய், நெதெல்யா?" என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

"அம்பு எய்யச் சொல்லியிருப்பேன். பிறகு ஆயுள் முழுக்க அழுதிருப்பேன்."

"அதைக் கேட்கத்தான் உயிரோடு வந்தேன். கதவைத் திற."

கதவு திறக்கவில்லை. மேலிருந்து கயிறு ஒன்று இறங்கியது. ஆடுகளை ஏற்றக் கூடைகள் இறங்கின.

"இதென்ன மரியாதை? நம் திருமணத்தன்றாவது திறப்பாயா?"

"என் தந்தை மேல் ஆணை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு பகைவனாவது இருக்கும்வரை மாப்பிள்ளைக்கும் கயிறுதான்."

திராகோமிர் வாய்விட்டுச் சிரித்தான். உள்ளங்கைகளில் துப்பித் தேய்த்துக்கொண்டு ஏறத் தொடங்கினான்.