தராசு தேர்ந்தெடுத்த சட்டை

அந்த வீட்டில் எதை வாங்கினாலும் முதலில் தராசில் வைப்பார்கள். அப்பாவுக்குப் பார்சல் அலுவலகத்தில் எடை போடும் வேலை. நாள் முழுவதும் எடை போட்டுவிட்டு வருகிறவர் வீட்டிலாவது சும்மா இருப்பாரா? அதுதான் கிடையாது. பள்ளிப் பை, தர்ப்பூசணி, பூனை என்று எல்லாம் தராசில் ஏறி இறங்கியாக வேண்டும். பூனை மட்டும் ஒத்துழைக்காது.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், அதனால் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பட்டப்பெயர். தம்பி ஆளே சின்னது. அவன் ‘பட்டாணி’.

குளிர் போய் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பள்ளியில் மலையேற்றம் வரப்போகிறது. போன வருடம் பட்டாணி பாதி மலையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். ஆசிரியை அவனைக் கீழே கூட்டி வந்து பேருந்தில் உட்கார வைத்தார். மற்ற பிள்ளைகள் உச்சியில் பார்த்ததையெல்லாம் வழிநெடுகக் கதை கதையாகச் சொன்னார்கள். அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த வருடம் உச்சிக்குப் போயே தீருவது என்று இருந்தான்.

“போன வருஷம் கனமான சட்டையைப் போட்டுட்டுப் போனான். அதான் கோளாறு” என்றார் அப்பா. “இந்தத் தடவை எல்லாம் லேசா வாங்கிடலாம். அப்பவும் இவனுக்கு முடியலைன்னு தெரிஞ்சா அனுப்ப மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

துணிக்கடையில் அப்பா சட்டைப் பையிலிருந்து சின்னக் கொக்கித் தராசை வெளியே எடுத்தார். கடைக்காரர் திருதிருவென்று விழித்தார்.

“சார், இது துணிக்கடை. காய்கறி பக்கத்துக் கடையில.”

“தெரியும், தெரியும். அந்தச் சட்டையை இதுல மாட்டுங்க.”

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். கடைசியில் பளபளவென்று ஒரு நைலான் சட்டை ஜெயித்தது. முழுக்கை, ஜிப் வைத்தது, மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கியது. தொப்பிகளில் ஜெயித்தது, நெற்றிக்கு மட்டும் நிழல் தருகிற ஒரு பட்டை. உச்சந்தலைக்கு அதில் துணியே இல்லை. தண்ணீர் பாட்டிலில் ஜெயித்தது இருப்பதிலேயே குட்டியானது.

“ரெண்டு வாய் குடிச்சா காலியாயிடுமேப்பா!” என்றாள் வக்கீல்.

“லேசா இருக்கே, அதைப் பாரு!”

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். “சட்டையே போடாம போனா இன்னும் லேசு” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பட்டாணி சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நாலு சுற்று நடந்தான். முகம் சிவந்துவிட்டது. காதோரம் வேர்வை வழிந்தது.

“எப்படிடா இருக்கு?” என்று அப்பா ஆசையாகக் கேட்டார்.

“சூப்பரா இருக்குப்பா.”

வக்கீல் அவனை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். “ஏண்டா பொய் சொல்றே? அவிச்செடுத்த மாதிரி இருக்கே!”

“கத்தாதே” என்றான் பட்டாணி. “வேர்க்குது, முடியலைன்னு சொன்னா அப்பா என்னை அனுப்ப மாட்டாரு. நீ போய் வாதாடினேன்னா எல்லாம் கெட்டுடும்.”

அவன் சொன்னதும் சரிதான். கண்ணில் தண்ணீர் முட்ட நின்ற தம்பியைப் பார்த்து வக்கீலுக்குப் பாவமாக இருந்தது. வாதாடினால் அப்பா சட்டையைக் குறை சொல்ல மாட்டார், பட்டாணியின் உடம்பைத்தான் குறை சொல்வார். அவள் இரவுச் சாப்பாடு வரை யோசித்தாள்.

“அப்பா, ஒரு சந்தேகம்” என்று மெதுவாக ஆரம்பித்தாள். “ஆபீஸ்ல பார்சல் கிளம்பும்போது மட்டும்தான் எடை போடுவீங்களா?”

“அதெப்படி? போய்ச் சேர்ற இடத்துலயும் போடுவாங்க. நடுவுல ஏறினாலோ குறைஞ்சாலோ தெரியணுமே!”

“அப்போ இந்தச் சட்டை கிளம்பும்போது மட்டும்தானே போட்டிருக்கீங்க?”

அப்பா கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். “வாஸ்தவம்தான்” என்றார்.

மறுநாள் சாயங்காலம் பட்டாணியின் பனியனையும் நைலான் சட்டையையும் சேர்த்து எடை போட்டார்கள். அவன் அவற்றைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் குழாய் வரை ஓடி ஓடித் திரும்பினான். எதிர்வீட்டு மாமா வாசலில் நின்று, “யார்ரா உன்னை விரட்டறா?” என்று கேட்டார். “தராசு, மாமா” என்று சொல்லிக்கொண்டே அவன் ஓடினான்.

திரும்பி வந்தபோது பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. சட்டையின் உட்பக்கமெல்லாம் ஈரம். மறுபடி தராசில் வைத்ததும் அப்பா குனிந்து பார்த்தார். “இவ்வளவு ஏறியிருக்கா?”

அடுத்த நாள் அதே நேரம், அதே ஓட்டம். இந்தத் தடவை உலர்ந்த பனியனோடு வக்கீலின் பழைய பருத்திச் சட்டை. வெளிர் நிறம், தொளதொளவென்று இருந்தது. நைலானைவிடக் கனம்தான். ஆனால் ஓடி முடித்து எடை போட்டபோது கொஞ்சம்தான் ஏறியிருந்தது.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தராசுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார். தராசு ஒழுங்காகத்தான் இருந்தது.

“ஓட்டமும் ஒண்ணு, பையனும் ஒருத்தன்” என்று அவர் வாய்விட்டு யோசித்தார். “நைலான்ல வேர்வை வெளியே போக வழியில்ல, உள்ளேயே தங்கிடுது. இதுல காத்து போய் உலர்த்திடுது. அப்போ கோளாறு இவன்கிட்ட இல்ல.” பட்டாணியின் தலையைத் தடவிக் கொடுத்தார். “தப்பு என்னோடதுதான்டா. அந்த நைலானைப் போட்டுட்டு இவ்வளவு ஓடினியே, நீ பலசாலிதான்!”

பட்டாணிக்கு வாயெல்லாம் பல்.

மறுபடியும் கடைக்குப் போனார்கள். கடைக்காரரின் கண் நேராக அப்பாவின் சட்டைப் பைக்குத்தான் போனது.

“இன்னிக்குத் தராசு இல்ல, பயப்படாதீங்க” என்றார் அப்பா. “என் பொண்ணு பார்த்துப்பா.”

வக்கீல் ஒவ்வொரு துணியையும் வாயருகே வைத்து ஊதினாள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட்டால் சரி, படாவிட்டால் வேண்டாம். அப்படி ஒரு வெளிர்நீலப் பருத்திச் சட்டை கிடைத்தது. தொப்பியைப் பட்டாணியின் தலையில் வைத்து, வாசல் வெயிலில் நிறுத்தி, பிடரியிலும் நிழல் விழுகிறதா என்று சுற்றி வந்து பார்த்தாள். பாட்டில் பெரியதாக, தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்ததாக எடுத்தாள். கடைக்காரரும் ஒரு துணியை எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டார்.

மலையேறும் நாளும் வந்தது. வக்கீல் தன் வகுப்போடு முன்னால் போனாள். ஆனால் நடையில் மனம் இல்லை. போன வருடம் தம்பி உட்கார்ந்த இடம் வந்தபோது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வளைவில் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. உச்சிக்குப் போனபிறகும் எதையும் பார்க்காமல் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் ஒரு தொப்பி மேலே வந்தது. அதன் கீழே பட்டாணி வந்தான். மூச்சு வாங்கியது, ஆனால் நடை நிற்கவில்லை. நேராக அக்காவிடம் வந்து நின்றான்.

“அக்கா, எங்கயாவது உட்காரணும்.”

வக்கீலுக்குப் பகீரென்றது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டா? தலை சுத்துதா?”

“இல்லக்கா. பசிக்குது.”

வக்கீல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பாறைமேல் உட்கார்ந்து, கீழே ஊர் முழுவதையும் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள்.