வெளியிலிருந்து ஒருவர்

அலுவலகத்தின் தானியங்கிக் கதவு அன்று காலை அவனுக்குத் திறக்கவில்லை. பின்னால் வந்த கூரியர்காரருக்குத் திறந்தது. அவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான். ஏசியின் ஈர வாசனை, நாற்காலிச் சக்கரங்களின் கிறீச்சு, பக்கத்து மேசையில் பிஸ்கட் நொறுங்கும் ஓசை எல்லாம் அப்படியே இருந்தன; அவன் நாற்காலியில் மட்டும் யாருடைய கோட்டோ தொங்கியது.

போன வாரம் அவன் எழுதிய புரோகிராம் கணினி நினைவகத்தில் குப்பை பொறுக்கும். வேறொன்றைப் பிடித்துக்கொள்ளக்கூடிய பொருட்களை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் எத்தனை பிடிகள் தாங்குகின்றன என்று எண்ணும். பட்டியலுக்குள்ளேயே ஒன்றையொன்று பிடித்திருப்பதைக் கழிக்கும். வெளியிலிருந்து எந்தப் பிடியும் எட்டாதவை குப்பை. தன் காபிக் கோப்பையைக்கூடக் கழுவாத மேனேஜர் இதற்கு ‘மகா தூய்மை இயக்கம்’ என்று பெயர் சூட்டி, ஊழியர் பதிவேட்டிலும் ஓட்டச் சொன்னார். ‘அவசரத்துக்கு யாரை அழைக்கலாம்’ என்ற கட்டத்தில் ஒருவர் பெயரை இன்னொருவர் எழுதியிருந்தால், அதுவே பிடி. சோதித்துப் பார்க்காமல் ஓட்டிவிட்டான்.

அவன் கட்டத்தில் மனைவி இருந்தாள். கீழ்த்தளத்தில் வேலை பார்க்கும் அவளது கட்டத்தில் அவன். வேறு யார் கட்டத்திலும் இருவரும் இல்லை.

மேனேஜர் அறைக்குப் போனான்.

“சார், அதை உடனே நிறுத்தணும்.”

மேனேஜர் நிமிர்ந்தார். அவனைத் தாண்டிப் பார்த்தார். “யாருப்பா கதவைத் திறந்து போட்டது? காத்து வருது.”

வெளியிலிருந்து ஒரே ஒருவர் பிடித்தால் போதும். அண்ணனை அழைத்தான்.

“அண்ணே, நான்தான். என் பேரை ஒரு தடவை சொல்லேன்.”

“ராங் நம்பர் சார். எனக்குத் தம்பியே கிடையாது.”

குரலில் கோபம்கூட இல்லை. அவனுக்கும் வரவில்லை. படிகளில் இறங்கினான். காலடிச் சத்தம் கேட்கவில்லை.

மனைவி தன் மேசையருகே நின்றிருந்தாள். இழுப்பறைகள் திறந்து கிடந்தன. எல்லாம் காலி. கைப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். எதுவும் விழவில்லை.

“காலையிலிருந்து ஒவ்வொண்ணா போகுதுங்க. பர்ஸ், சாவி, போட்டோ…”

எறிவதற்கு முன் உள்ளே இருப்பதைக் காலி செய்ய வேண்டும். அந்த வரியையும் அவன்தான் எழுதினான்.

அவள் கையைப் பற்றினான். விட்டால் அவளைப் பிடித்திருப்பவர் எண்ணிக்கை பூஜ்யம். அந்த நொடியே போய்விடுவாள்.

“என்னை விட்டுடாதீங்க.”

“விடலை. பிடிச்சிருக்கேன் பாரு.”

சூடு குறைந்தது. பிறகு கனம். எலும்பு இருந்த இடத்தில் காற்று. அவன் பிடிக்குள் அவள் கை, துணியுறை போல மெல்ல மடிந்தது. தோள் சரிந்தது. முகம் மட்டும் இன்னும் அவனைப் பார்த்தபடி.

“நீங்க யாருங்க?” என்றது அது, மரியாதையாக.

பதில் சொல்ல வாய் திறந்தான். வலிக்கவில்லை. அவன் மணிக்கட்டும் மடிந்துகொண்டிருந்தது.