எதுக்களிப்பும் குரல்பூட்டும்

"நீங்கள் ஞானராஜ் இல்லை" என்றது கதவு.

ஞானராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தன் பெயரைச் சொன்னான். கரகரவென்றுதான் வந்தது. சாவிகள் ஒழிந்து குரல்பூட்டு வந்ததிலிருந்து வீட்டுக்குள் வரவும் குரல் வேண்டும், வெளியே போகவும் வேண்டும். திருடன் உள்ளே வந்தாலும் தப்பக் கூடாதாம். திருடன் எவனும் மாட்டவில்லை. வீட்டுக்காரன்தான் உள்ளே மாட்டிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துப் பூட்டு நிறுவனத்து ஆள் வந்து கரகரத்த குரலைப் பதிந்து, பழையதை அழித்தான். ஓர் ஆளுக்கு ஒரு குரல்தான், அது சட்டம்.

பிரசவத்துக்காக மார்த்தாண்டத்தில் தாய்வீட்டில் இருந்த மனைவி பிரிசில்லா விடவில்லை. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். குரல் இப்படிக் கெட்டுக்கிடக்கிறதே, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று நச்சரித்தாள்.

வயிற்று அமிலம் தொண்டைவரை எதுக்களிக்கிறது என்றார் டாக்டர் ரஹ்மத்துன்னிசா. தனக்கு நெஞ்செரிச்சலே இல்லையே என்று வாதாடினான்.

"எரிஞ்சாத்தான் உண்டுன்னு சட்டமா? சிலருக்கு வறட்டு இருமல், சிலருக்குத் தொண்டையில உருண்டை அடைச்ச மாதிரி, சிலருக்குப் பல்லு அரிக்கும். உங்களுக்குக் குரல். அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. நிறையப் பேருக்கு இருக்கிறதே தெரியாது."

பதினோரு மணிக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு அப்படியே சாயும் வழக்கத்தை விட்டான். மாத்திரை, ஏழு மணிக்குச் சாப்பாடு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல். வாரங்கள் போகப் போகத் தொண்டை தெளிந்தது. கதவு மட்டும் திறக்கத் தயங்கியது, இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வலி கண்டுவிட்டது என்று மாமனார் அழைத்த அன்று பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினான்.

"நீங்கள் ஞானராஜ் இல்லை."

கெஞ்சினான், உதைத்தான். குரலைக் கரகரப்பாக்கிச் சொல்லிப் பார்த்தான். நடிப்பைக் கண்டுபிடிப்பதில் கதவு கெட்டிக்காரக் கதவு. உதவி மையத்தை அழைத்தான். ஒரு பெண் இருமிக்கொண்டே எடுத்தாள்.

"குணமாயிடுச்சா சார்? காலையிலேருந்து குணமானவங்க ஃபோனாத்தான் வருது. ஆள் வர நாலு நாள் ஆகும். அவசரம்னா மாத்திரையை நிறுத்திடுங்க. காரமா சாப்பிட்டு உடனே படுத்துடுங்க, நாளைக்கே திறந்தாலும் திறக்கும். நாங்கல்லாம் அப்படித்தான் ஆபீஸ் வர்றோம்."

மாலையில் கைபேசித் திரையில் பிரிசில்லா தெரிந்தாள். களைத்த முகம், அருகே துணியில் பொதிந்த மகள். அவன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கியது.

"கல்யாணப் புதுசுல கேட்ட குரல்ங்க இது. இவகிட்ட ஏதாவது பேசுங்க."

அவன் முன்பே தேர்ந்து வைத்திருந்த மகளின் பெயரைச் சொன்னான். அழுதுகொண்டிருந்த குழந்தை ஒரு கணம் அழுகையை நிறுத்திக் கேட்டது.

பிறகு அடுக்களைக்குப் போய் மிளகாய்ப் பொடியைக் குழைத்துப் பழைய சோற்றை வயிறு முட்டத் தின்றான். கட்டிலுக்கு அடியிலிருந்த செங்கற்களை உருவிவிட்டு, மட்டமல்லாக்கப் படுத்து, அமிலம் மேலே ஏறிவரக் காத்திருந்தான்.