கருவி வாய் திறக்காத மேடு

வட்டத்தின் நடுவில் மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை? தொல்லியல் ஆய்வாளர் மாதுமைக்கு அது பிடிபடவே இல்லை!

மூன்று நாளாக அவளும், மின்வேலையை விட்டுவிட்டு உதவ வந்திருந்த தம்பி நிரோஜனும், கிழக்கு இங்கிலாந்தின் ஒரு சேற்று வயலைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டார்கள். உழுத மண்ணில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய வெண்கல உடை ஊசிகள், இடுப்புவார்ப் பூண்கள், சுண்டுவிரல் நகமளவு வெள்ளிக் காசு ஒன்று! கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்தால் அழகான வளையம். நடுமேட்டில் மட்டும் உலோகங்காட்டிக் கருவி வாயே திறக்கவில்லை.

பொருள்கள் இருந்தால் அவற்றை அணிந்தவர்களும் இருந்திருக்க வேண்டும். அக்கால ஆங்கிலேயரான அந்த ஆங்கிலோ-சாக்சன்களின் ஊர் எங்கே? வளையத்தில் வெட்டிய நான்கு குழியிலும் வெறும் மண். நண்பகலுக்குள் ஊரைக் காட்டாவிட்டால், தண்ணீர்க் குழாய்க்கான வெட்டு இயந்திரம் வயலை இரண்டாகப் பிளந்துவிடும். அதோ, வேலியோரம் உறுமிக்கொண்டு நிற்கிறது!

“ஐஞ்சாவது குழியும் வெட்டுவமே?” என்றான் நிரோஜன்.

“வெட்டு! வெட்டி என்னை அதுக்குள்ளையே தாட்டுவிடு!” மாதுமை கையிலிருந்த மண்சுரண்டும் கரண்டியை ஆத்திரத்தோடு வீசினாள்.

“ஐயோ அக்கா, என்ர கால்!”

கரண்டி அவன் பிடித்திருந்த கருவியின் வட்டத் தட்டுக்கு அடியிலேயே விழுந்தது. மாதுமை உற்றுப் பார்த்தாள்.

“டேய், மெஷின் ஏன்டா கத்தேல்லை?”

“இரும்பெல்லோ? முதல் நாளே இரும்புச் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டன். ட்ராக்டர் ஆணி கிண்டிக் கிண்டி முதுகு முறிஞ்சு போச்சு.”

“விசரா! மேட்டுக்கு ஓடு! இரும்பைத் திரும்பப் போடு!”

மேட்டில் தட்டை நீட்டியதும் கருவி நிறுத்தாமல் அலறியது! இருவரும் பாய்ந்து வெட்டினார்கள். மூன்றாவது சாணில் கத்தி அலகு, கொல்லனின் இரும்புக் கசடு. அதன் கீழே, மஞ்சள் மண்ணில் வரிசையாகக் கருவட்டங்கள்: மக்கிப்போன மரத்தூண்கள் நின்ற குழிகள். ஒரு வீட்டின் சுவர்!

மாதுமை சேற்றில் வழுக்கி விழுந்தெழுந்து இயந்திரத்தின் முன்னே கைவிரித்து நின்றாள். குழாய் வேலையின் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார், முணுமுணுத்தார், தொலைபேசியில் பேசினார். கடைசியில் குழாயின் பாதையை வாய்க்காலோரமாகத் திருப்பச் சொன்னார்.

“அப்ப பிழை என்னிலையோ?” என்றான் நிரோஜன்.

“என்னிலையும்தான். மெஷினை எப்பிடி வைச்சிருக்கிறாய் எண்டு நானும் கேக்கேல்லையே.”

அன்று மாலை அவள் குறிப்பேட்டில் எழுதினாள்: ‘இரும்பின் ஒலியை அடைத்தால், இரும்பு நெருங்கிக் கிடக்கும் இடத்தில் பக்கத்து வெண்கலமும் மறைந்து, ஊரே வெற்றிடமாகத் தெரியும். முதல் சுற்றிலேயே இரும்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அது எங்கே நெருக்கமாக ஒலிக்கிறதோ, அங்கே முதலில் தோண்ட வேண்டும்.’