புகைத்தாளில் இரண்டு வளைவுகள்

ராஜபாளையம் கல்லூரியின் ஆராய்ச்சி மாணவி அப்ரோஸ் பேகம் கரி படிந்த தாள் ஒன்றை ஞானரத்தினத்தின் மேசையில் விரித்தாள். அவர் காவல்துறைக்காக ஆவணங்களைச் சோதித்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர். அருகில் கோர்ட்டு வாசலில் தட்டச்சு செய்யும் சோலைராஜ், எட்டிப் பார்த்தபடி. 1997, ஆடி மாதம்.

“இன்னைக்கு நாலு மணிக்குக் கமிட்டி கூடுது சார். பொய் முடிவு காட்டினேன்னு என்னைய ஆராய்ச்சியில இருந்து நீக்கப் போறாங்க.”

“என்ன முடிவு?”

“கினிப்பன்றியோட மூச்சுக்குழல் தசையில ரெண்டு துண்டு. ஒண்ணு வெறும் துண்டு. இன்னொண்ணை நரம்பு வளர்ச்சிக் காரணிங்கிற புரதத்துல ஊற வச்சேன். ரெண்டுக்கும் தசையைச் சுருங்க வைக்கிற ஹிஸ்டமின் ஒரே அளவு. ஊறினது கூடுதலா சுருங்குச்சு. வெறும் துண்டோட கோடு மூணு சென்டிமீட்டர், இதோடது நாலு.”

“இளைப்பு வாறதே அதனாலதானோ?” என்றான் சோலைராஜ்.

“அதைத்தான் தேடுறேன். நேத்து எங்க கைடு அருளப்பன் சார் அவரே திரும்பச் செஞ்சு பார்த்தார். இது அவர் எடுத்த தாள். ரெண்டுமே மூணு.”

தசை சுருங்கினால் நூல் நெம்புகோலை இழுக்கும். அதில் செருகிய தென்னை ஈர்க்கு, சுழலும் உருளையின் கரியில் கோடு கீறும். தாளில் இரண்டு வரிசைக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வளைவு.

“இது?”

“உருளையை நிறுத்திட்டு ஈர்க்கைக் கையால தூக்கி விடுவோம். தடங்கலில்லாம போகுதான்னு பார்க்க. எங்க லேப் வழக்கம்.”

“ரெண்டாவது வளைவை யார் போட்டா?”

“சார்தான் போட்டிருக்கணும். நான் மதியம் லுஹர் தொழப் போயிருந்தேன். வாறப்ப ரெண்டாவது துண்டு, ஊற வச்சது, ஓடிக்கிட்டிருந்துச்சு. உள்ள சாரும் பெத்தம்மாக்காவும்தான். கண்ணாடிச் சாமான் கழுவுறவிய. என்னையக் கிட்ட விடல.”

ஞானரத்தினம் காம்பஸை எடுத்து வளைவுகளின் மேல் வைத்துப் பார்த்தார். இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு எழுந்தார்.

“ராஜபாளையத்துக்கு பஸ் இருக்கா சோலைராஜு?”

மூவரும் ஆய்வுக்கூடத்துக்குள் போனபோது மூன்றரை மணி. அருளப்பன் உட்காரச் சொல்லவில்லை.

“நேற்று ஈர்க்கை மாற்றினீர்களா?” என்றார் ஞானரத்தினம்.

“இல்லை.”

“முதல் வளைவின் ஆரம் பதினாறு சென்டிமீட்டர். இரண்டாவது பன்னிரண்டு. ஈர்க்கின் நுனி வட்டத்தில்தான் நகரும். வட்டம் சிறுத்தால் ஈர்க்கு சிறுத்தது. கோடும் நாலில் ஒரு பங்கு குறையும். நாலு, மூன்றாகும்.”

அருளப்பன் தொட்டியடியில் நின்ற பெத்தம்மாளைப் பார்த்தார்.

“தொடைக்கிறப்ப இவ ஒடைச்சு வேற வச்சிருப்பா.”

“அண்ணாச்சி, நானும் அதைத்தான் நெனைச்சேன்” என்றான் சோலைராஜ், ஞானரத்தினத்திடம்.

“ஏலே, வாயை மூடு!” பெத்தம்மாள் கழுவிய குடுவையை வைத்துவிட்டுத் திரும்பினாள். “தினக்கூலிக்காரின்னா எதையும் தலையில கட்டலாமா? நான் அந்த மிசின்கிட்டயே போக மாட்டேன்.”

“அவர் போகவில்லை” என்று அருளப்பனிடம் சொன்னார் ஞானரத்தினம். “வேறு யாரோ மாற்றி, உங்களுக்குத் தெரியாமல் போயிருந்தால், வளைவு போடக் கையால் தூக்கியபோது தெரிந்திருக்கும். நாலு சென்டிமீட்டர் குட்டை. இரண்டாவது வளைவு உங்கள் கை போட்டது.”

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.

“சட்டைக் கை பட்டு ஒடைஞ்சுது. வெளக்குமாத்துல ஒண்ணு உருவி வச்சேன். ஈர்க்குதானேன்னு அளக்கல. ஒடைச்சா ஒடனே நோட்டுல எழுதணும்னு பிள்ளைகளை வையிறவன் நான். எழுதக் கூச்சமா இருந்துச்சு.”

“அப்புறம் எப்ப அளந்தீங்க சார்?” என்றாள் அப்ரோஸ்.

அருளப்பன் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார்.

“ராத்திரி. கமிட்டிக்குச் சொல்லி அனுப்பின பொறவு.”

பெத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெளியே காரின் கதவு ஒன்று சாத்தப்பட்டது. அடுத்து இன்னொன்று. படியில் கமிட்டிக்காரர்களின் செருப்புச் சத்தம்.

“அவங்ககிட்ட எங்க இருந்து ஆரம்பிக்க?” என்றார் அருளப்பன்.

“ஒடைஞ்சதுல இருந்து சார்” என்றாள் அப்ரோஸ்.