அந்த ஆரஞ்சு விரல்காரி யார்?

மழைக்கு ஒதுங்கியவன் என்றுதான் நூரிஸ் நினைத்தாள். அவனோ விறுவிறுவென்று கடைக்குள் வந்து, நெயில் பாலிஷ் அடுக்கில் இடித்து, பாதி பாட்டில்களை உருட்டிவிட்டான்.

"யோவ்! கண்ணு எங்கே இருக்கு?"

"மன்னிச்சிருங்க..." என்று குனிந்து பொறுக்கி நிமிர்ந்தவன், அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தான். அப்பா... என்ன பார்வை! மழைத்துளி தொங்கும் இமைகளைக் கொட்டாமல், நெற்றி, கண், கன்னம் என்று நிதானமாக... கன்னத்து அம்மைத் தழும்புகள் நினைவுக்கு வந்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சான் பெத்ரோ ஊரில் பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்காத ஆண் கிடையாது. ஆனால் இப்படி ஒருவனும் அவளைப் பார்த்ததில்லை.

வந்தவன் எலிஹியோ. அவனை ஊரே அறியும். ஊர் பேஸ்பால் அணியில் பந்து வீசும் பிட்சர். இந்தப் பருவம் நன்றாக வீசினால் அமெரிக்காவுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று பேச்சு.

"இருக்கிறதுலயே பளிச்சுனு ஒரு நெயில் பாலிஷ் குடுங்க. சாயங்கால வெளிச்சத்துலயும் தூரத்துலேருந்து தெரியணும்."

பக்கத்தில் நின்ற யோகாஸ்தா, கேட்காமலே தன் பத்து விரல்களையும் நீட்டினாள். கூட வேலை பார்ப்பவள்தான். தெருவில் போகும் வண்டியெல்லாம் அவளைப் பார்த்து ஹாரன் அடிக்கும். விரலுக்கு ஒரு நிறம் பூசிக்கொண்டு அவள் சிரிக்க, அவன் வாசல்வரை பின்வாங்கி நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான்.

"அந்த ஆரஞ்சுதான்!" என்று வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான். நூரிஸுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த செவ்வாயும் வந்தான். அதற்கடுத்த செவ்வாயும். ஒவ்வொரு முறையும் கிட்ட வந்து அதே பார்வை... அதே ஆரஞ்சு பாட்டில்.

"யாருக்கு, வாராவாரம்?" என்று கேட்டேவிட்டாள்.

"நம்ம ஆளுக்குத்தாங்க. அந்த விரல் இல்லேன்னா எனக்குப் பொழப்பே ஓடாது!"

'பொழப்பே ஓடாதாமே! பார்க்கிறது என்னை, பூசுறது அவளுக்கா?'

அன்று முதல் நூரிஸுக்கு ஊரில் முகங்களே தெரியவில்லை, விரல்கள்தான். பேருந்தில் கம்பியைப் பிடித்த விரல்கள். மாதா கோயில் பூசையில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில், பாவம், சமாதானத்தை எங்கோ விட்டுவிட்டு முன்வரிசைப் பெண்களின் நகங்களையே ஆராய்ந்தாள். ஒருத்தி விரல்கூட ஆரஞ்சு இல்லை. எந்த மகராசியடி நீ?

ஆறாவது செவ்வாய், எலிஹியோவுக்குப் பதில் ஒரு மலை வந்தது. எலிஹியோ வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ராதமேஸ். தாடி, தொப்பை, வீங்கிய கட்டைவிரல்.

"தங்கச்சி, அந்த ஆரஞ்சுல ஒண்ணு குடும்மா."

அவர் நீட்டிய கரடுமுரடான விரல்களில், அச்சு அசலாக... ஆரஞ்சு!

"அண்ணே! நீங்களா அது?"

"வேற யாரு? நான் அவனுக்கு எதிரே குத்தவெச்சு உக்காந்து விரல் காட்டணும். ஒண்ணுன்னா வேகப் பந்து, ரெண்டுன்னா வளையற பந்து. அதைப் பார்த்துத்தான் அவன் போடணும். அந்தக் குருட்டுப் பயலுக்கு விரலே தெரியலை, அதான் இந்தச் சிங்காரம். நேத்து ரெண்டு காட்டினேன், ஒண்ணைப் போட்டுட்டான். பாரு, விரலு பணியாரமாயிருச்சு!"

நூரிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆறு வாரப் பொறாமை ஒரே நிமிடத்தில் இறங்கிப்போனது.

"கண்ணாடி போட்டா அமெரிக்காக்காரன் வேண்டாம்னுடுவான்னு பயப்படுறான். நாலடி தள்ளி நின்னா பெத்த அம்மாவையே 'யாரு'ம்பான். உப்பு டப்பாவைக்கூட மூஞ்சிக்கு நேரே வெச்சுத்தான் பார்ப்பான்."

சிரிப்பு அப்படியே நின்றது. அப்படியானால்... அந்தப் பார்வை? நானும் உப்பு டப்பாவும் ஒன்றா?

ராதமேஸ் போன பிறகும் அவமானம் போகவில்லை. கூடவே ஒரு திருட்டு எண்ணமும் வந்தது. அவன் கண்ணாடி போடாமலே இருக்கட்டும். போட்டால் என் தழும்பு தெரியும், யோகாஸ்தாவும் தெரிவாள். சீ, என்ன மனசு இது! வீங்கிய கட்டைவிரல் கண்முன் வந்து நின்றது.

மறுநாள் அவன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் எல்லாம் சொன்னாரு. இன்னைக்கு விரலு, நாளைக்கு அவரு கண்ணு போனா? போய்க் கண்ணாடி போடு. அதுவரைக்கும் இங்கே பாட்டில் கிடையாது!"

"நீங்களுமா..." முகம் சுருங்க வெளியே போனான். போ, போய் உலகத்தையெல்லாம் நன்றாகப் பார்... கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். பிறகு ஒரு பிற்பகல், மழையில், தடித்த கண்ணாடியோடு வாசலில் நின்றான். நூரிஸின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"டீம் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். நல்லாத் திட்டினாரு. அப்புறம் கண்ணாடியோட வீசச் சொன்னாரு. அமெரிக்கா கிடைக்குமோ கிடைக்காதோ... அண்ணன் விரலு பத்தும் பத்திரம்."

"சந்தோஷம். யோகாஸ்தாவையும் இப்போ நல்லாப் பார்த்துக்கோ."

அவன் திரும்பிப் பார்த்தான். "அழகாத்தான் இருக்காங்க."

நெஞ்சில் ஊசி இறங்கியது. "அப்புறம் என்ன? என் மூஞ்சியும் தெரிஞ்சிருச்சு... கிளம்பு."

"நூரிஸ், எனக்குத் தூரந்தான் தெரியாது. ஒரு சாண்ல எல்லாமே தெரியும். வலது கன்னத்துல மூணு, இடது கன்னத்துல ரெண்டு. முதல் நாளே எண்ணிட்டேன்."

கன்னத்தில் இருந்த அவள் விரல்கள் தழும்புகளைத் தடவி எண்ணின.

"அன்னைக்கு மட்டுந்தான் கண்ணு தெரியாம கிட்ட வந்தேன். அப்புறமெல்லாம் வாசல்லயே குரலைக் கேட்டா நீங்கதான்னு தெரியும். இருந்தும் கிட்ட வந்தேன்... ஆசையா இருந்துச்சு. இந்த ஊர்லயே நான் முழுசாப் பார்த்தது உங்க ஒருத்தி முகத்தைத்தான்."

வெளியே மழை வலுத்தது. கன்னத்தை மூடியிருந்த கையை நூரிஸ் மெல்ல எடுத்தாள்.

"அவ விரலை அப்படிப் பார்த்தியே, அன்னைக்கே உன்னை அடிச்சிருக்கணும். ஆறு வாரமா நான் தூங்கலை, தெரியுமா? அவ்வளவு பிடிச்சிருக்கு உன்னை..."

"இப்பவாவது அடிங்க."

"அங்கே நின்னா எப்படி அடிக்கிறது? கண்ணாடியைக் கழட்டிட்டுக் கிட்ட வா."