இரண்டு முறை அணைந்த விளக்கு

பட்டறையின் ட்யூப்லைட் அணைந்து எரிந்தது. மறுபடியும் அணைந்து எரிந்தது. அவர் மின்ரம்பத்தின் ஸ்விட்ச்சை அமுக்கி நிறுத்தினார், அதன் பல் சக்கரம் ஓய்ந்து நிற்கும்வரை பொறுமையாக இருந்தார், காது கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "என்னம்மா?" என்று கேட்டபடி திரும்பினார். வாசலில் யாரும் இல்லை.

மாலை வெயில் கதவிடுக்கு வழியாகச் சாய்ந்து விழுந்து, காற்றில் மிதந்த மரத்தூளை மட்டும் காட்டியது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தார். மனைவி சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாயா என்று கேட்டதற்கு, இல்லையே என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

உதடுதான் அசையும். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவளுக்குக் குரல் போய்விட்டது. காதருகே வந்தால் மட்டும் கேட்கும் ஒரு கிசுகிசுப்புதான் மிச்சம். சில சமயம் மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும். அப்படி ஆனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கோ ரம்பம் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே மனைவியின் தம்பி, நாற்காலி மேசை செய்யும் தொழில் நடத்துகிறவன், இருவரையும் பட்டறையில் நிறுத்தி ஒரு சட்டம் போட்டான்.

"அக்கா, மெஷின் ஓடுறப்ப மாமாவைப் பின்னாலருந்து தொடவே தொடாத. திடுக்குனு திரும்பினார்னா கை பிளேடுல போயிடும். கதவுகிட்ட இருக்கிற லைட் ஸ்விட்ச்சை ரெண்டு தரம் அணைச்சுப் போடு. சக்கரம் நிக்கிற வரைக்கும் சும்மா நில்லு. அப்புறம் தொடு, அடி, என்ன வேணா பண்ணு."

அவள் சிரித்துத் தலையாட்டினாள். பேச்சுவாக்கில் சொன்னதைக்கூட அப்படியே கடைப்பிடிக்கிறவள் அவள். கதவைச் சாத்திவிட்டு வா என்றால் தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

அவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். தெருவில் அவருக்கு 'அங்குலம்' என்று பட்டப்பெயர். ஒரு குடை வாங்கினாலும் அளந்து பார்த்துத்தான் வாங்குவார். பெண் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்த மனிதருக்கு ரம்பம் பார்க்க ஒரு மழைக்காலமே போதவில்லை. கடை கடையாக ஏறி, மேசையின் நடுவே எழும்பி நிற்கும் பல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார், மோட்டாரை முகர்ந்துகூடப் பார்த்தார். நிறுத்தியதும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ளதாக வாங்குங்கள் என்று மைத்துனன் தலைபாடாக அடித்துக்கொண்டான். அவர் கேட்கவில்லை. பிரேக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மோட்டார் கனமாக இருக்க வேண்டும் என்று அதைத்தான் வாங்கினார். நிறுத்திய பிறகு அந்தச் சக்கரம் வெகுநேரம் தன் பாட்டுக்குச் சுற்றிவிட்டுத்தான் ஓயும்.

எல்லாம் அவளுக்காகத்தான். மல்லாந்து படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டியது. தலைப்பக்கம் உயரும் சாய்மானக் கட்டில் ஒன்றைத் தன் கையாலேயே செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

விளக்கு மறுநாளும் அப்படிச் செய்தது. அதற்கு மறுநாளும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, மோட்டார் மரத்தைக் கடிக்கும்போது மின்சாரத்தை இழுக்கிறது, வேறொன்றுமில்லை என்று ரம்பத்துக்குத் தனி ஒயர் இழுத்துக் கொடுத்தான்.

"இனிமே ரம்பம் தனி, லைட் தனி சார். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடும்."

அவன் போன அன்றே, அவர் வெறும் துளைபோடும் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தபோது விளக்கு அணைந்து எரிந்தது. பிறகு மரத்தை வழவழப்பாக்கும் உப்புத்தாள் மெஷின் ஓடும்போது. எப்போதும் இரண்டு முறை. ஒருமுறை என்றோ மூன்று முறை என்றோ கிடையாது. யாரோ விரலால் செய்வதுபோல, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு.

அவர் பேயை நம்புகிறவர் அல்ல. அளக்க முடிந்ததைத்தான் நம்புவார். அதனால்தான் தரையில் படிந்திருந்த மரத்தூளில் காலடிகளைப் பார்த்தபோது குனிந்து சாண் வைத்து அளந்தார். வெறும் கால். வாசலிலிருந்து வந்து, அவர் நிற்கும் இடத்துக்குப் பாதி வழியில் முடிந்துபோயிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. இடது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தச் சுண்டுவிரலைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேலி செய்து வருகிறவர் அவர்.

துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிட்டார். மறுமுறை தடம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. அதையும் பெருக்கினார். அதற்கடுத்த முறை, அவர் குதிகாலுக்குக் கையெட்டும் தூரத்தில்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளிடமே கேட்டார், விளையாடுகிறாயா என்று. அவள் முகம் வாடிவிட்டது. அவர் காதில் வாயை வைத்துச் சொன்னாள்:

"நான் அதுல விளையாடுவேனாங்க? கூப்பிட்டா நீங்க வருவீங்கன்னுதானே நான் தைரியமா இருக்கேன்."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பேச்சை இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

அடுத்த முறை விளக்கு அணைந்தபோது பலகை பாதி அறுபட்டிருந்தது. கண நேரம் அவர் கண் வாசல் பக்கம் போக, பலகை திமிறி எகிறியது. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைப் பல் உரசிக்கொண்டு போனது. இன்னும் ஒரு நெல் அளவு தள்ளியிருந்தால் விரல் இல்லை. பயம் போய்க் கோபம் வந்தது. மெயினை அணைத்தார், ஸ்விட்ச் பலகையைத் திறந்தார், விளக்கு ஸ்விட்ச்சில் மாட்டியிருந்த இரண்டு ஒயர்களையும் உருவி ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றினார். மெயினைப் போட்டதும் விளக்கு எரிந்தது. ஸ்விட்ச்சை மேலும் கீழும் தட்டிப் பார்த்தார். விளக்கு அசையாமல் எரிந்தது. இனி யாரும் அதை அணைக்க முடியாது.

சாப்பிடும்போது அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அவளோ கட்டிலுக்கு என்ன நிறத்தில் மெத்தையுறை தைக்கலாம் என்று துணிகளை மடியில் பரப்பிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள். எடுக்க வேண்டாம் என்று வைத்த பேச்சை அந்த நேரத்தில் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் மாலை கட்டிலின் கடைசிச் சட்டங்களை அறுத்தார். விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை. வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக வேலை ஓடியது. காது கவசத்துக்குள் தன் மூச்சையும் ரம்பத்தின் தூரத்து இரைச்சலையும் கேட்டபடி, தள்ளுகட்டையால் சட்டத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே ஏதோ ஒரு பழைய மெட்டை முணுமுணுத்தார். நடுவில் ஒருமுறை, மரத்தின் இளஞ்சூட்டு வாசனையோடு அவள் தொண்டையில் தேய்க்கும் தைலத்தின் வாசனையும் வந்தது. திரும்பவில்லை. இனி ஏமாறுவதாக இல்லை.

எல்லாச் சட்டங்களையும் முடித்துவிட்டு நிறுத்தினார். சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றி ஓய்ந்தது. கவசத்தைக் கழற்றினார். திரும்பினார்.

அவள் தரையில் கிடந்தாள். கன்னம் மரத்தூளில் பதிந்திருந்தது. உதடு நீலம். நீட்டிய கை அவர் குதிகாலுக்குச் சற்று முன்னால் நின்றுபோயிருந்தது, தொடவில்லை. வாசலில், ஸ்விட்ச்சுக்குக் கீழே, மரத்தூள் மிதிபட்டுக் குழம்பியிருந்தது. அங்கே வெகுநேரம் நின்றிருக்கிறாள். அங்கிருந்து அவர் குதிகாலுக்குக் கையெட்டும் தூரம் வரை காலடிகள். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. அவர் பெருக்கித் தள்ளிய அதே தடம், அதே இடத்தில்.

மைத்துனன்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். ஏன் அக்கா விளக்கை அணைக்கவில்லை என்று அழுதுகொண்டே பலமுறை கேட்டான். அவர் மெத்தையுறைத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டான். வரவில்லை என்றுவிட்டார்.

வந்தவர்கள் போனதும் வீட்டில் விளக்குகள் அணைந்து எரியத் தொடங்கின. கூடத்து விளக்கு இரண்டு முறை. குளியலறை விளக்கு இரண்டு முறை. பின்னால் வெறும் காலின் ஓசை. அவர் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். தைல வாசனை மட்டும் இருக்கும்.

இன்று மதியம் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பிடரியில் ஒரு விரல் பட்டது. குளிர்ந்த விரல். பட்ட மாத்திரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. காற்று உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை. தம்ளர் விழுந்தது. பிடரியை உதறிப் பறித்துக்கொண்டதும் மூச்சு திரும்பியது, ஓடினார். எங்கே ஓடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பட்டறை. ரம்பத்தின் ஸ்விட்ச். இரைச்சல் எழும்பியது.

பின்னால் வந்த காலடி நின்றது.

மெஷின் ஓடும்போது தொடக் கூடாது. அவள் சொன்ன சொல் தட்டாதவள்.

அப்போதிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். மதியம் மாலையாகிவிட்டது. இரு கைகளும் மேசையில், முதுகு வாசலுக்கு. கால் மரத்துவிட்டது. மைத்துனனின் அழைப்பு வந்து வந்து செல்போன் திரை எரிந்து அணைகிறது. அது கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கிறது. மன்னித்துவிடு என்று சொன்னார். ஒயரை உருவியது நான்தான் என்று சொன்னார். இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மோட்டாரிலிருந்து புகை நாற்றம். ரப்பர் கருகும் நாற்றம். அதையும் மீறித் தைலம்.

தலைக்கு மேல் விளக்கு அணைந்து எரிந்தது. ஸ்விட்ச்சால் அணைக்கவே முடியாத விளக்கு.

மறுபடியும்.

அவர் திரும்பவில்லை.

மோட்டார் இருமியது. ஒரு பொறி. நின்றது.

சக்கரம் மட்டும் சுற்றியது. பிரேக் இல்லை. சுற்றும். இன்னும் கொஞ்சம் சுற்றும். அவர் அதையே பார்த்தார். வெறும் வெள்ளித் தகடாகத் தெரிந்தது நடுங்கத் தொடங்கியது. பற்கள் நிழலாகத் தெரிந்தன. பிறகு பற்களாகவே.

குனிந்தார். அவர் காலுக்குப் பக்கத்தில், மரத்தூளில், ஒரு இடது கால் அழுந்திக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல்.

காதருகே கிசுகிசுப்பு.

"ஏங்க."

கடைசிப் பல் மெதுவாக மேலே வந்தது. நின்றது. மரத்தூள் ஒட்டிய விரல்கள் ஒவ்வொன்றாக அவர் தொண்டையைச் சுற்றி வந்து அமர்ந்தன.